பதினேழு மணித்தியாலம்

இங்கே டொரொன்டோவில் பஸ் தரிப்பிடத்தில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. நாலு நிமிடம் என்று அது காட்டினால் நாலாவது நிமிடம் பஸ் வந்து நிற்கும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் இதை நம்புவானா? எங்கள் ஆட்கள் யாரும் நேரத்தை உள்ளபடி சொல்வதில்லை. ஹட்டனுக்கு அரை மணித்தியாலம் என்றால், மழைக்குக் கொஞ்சம், மண்சரிவுக்குக் கொஞ்சம் என்று கூட்டித்தான் சொல்வோம். ஆறு வருடத்தில் நான் கூட்டுவதை மறந்துவிட்டேன்.

போன மார்கழியில் அண்ணன் கூப்பிட்டார். அம்மாவுக்கு இருதயம் முடியாமல்போய், வைத்தியசாலையிலிருந்து தோட்டத்து லயத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

"ஒன்னைய பாக்கணும்ங்குது தம்பி. வர எம்புட்டு நேரமாகும்?"

போனில் இரண்டு நாட்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டினேன். கிட்டத்தட்ட பதினாலாயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினேழு மணித்தியாலம் என்று வந்தது. அப்படியே சொன்னேன். நேரடி விமானமே கிடையாது, அது வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்த கணக்கு என்பது டிக்கெட் போடும்போதுதான் உறைத்தது. துபாயில் எட்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வாடகை வான் பிடித்து மலையேற இன்னும் ஐந்து. அதைச் சொல்லத்தான் திரும்ப எடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லிட்டேன் தம்பி. எந்திரிச்சு கஞ்சி குடிச்சிருச்சு." துபாயையும் மலைப்பாதையையும் சொல்லாமலே போனை வைத்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களே, இந்தக் காரியத்தை மட்டும் செய்யாதீர்கள்.

வேலைத்தலத்தில் லீவு கேட்டேன். ஸ்ரீலங்கா என்றதும் மேற்பார்வை பார்க்கும் பெண்ணின் முகம் மலர்ந்தது. "லக்கி யூ. எஞ்ஜாய் த பீச்" என்றாள். எங்கள் தோட்டத்திலிருந்து கடலைப் பார்க்கப் போனால் ஒரு நாள் போய்விடும். தேங்க்யூ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துபாயில் இறங்கிப் போனைத் திறந்தபோது, சொன்ன பதினேழு முடிந்து மூன்று மணித்தியாலம் ஆகியிருந்தது. ஊரில் சாயங்காலம். அண்ணன் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தலைய சீவிவிடச் சொல்லி, வாசலப் பாத்து ஒக்காந்திருக்குது. படுக்க மாட்டேங்குது. எங்க வர்றான், எங்க வர்றான்னு ஒரே கேள்வி. கினிகத்தேனை தாண்டிட்டான்னு சொல்லிட்டேன் தம்பி. நீயும் அதையே சொல்லு."

கினிகத்தேனை தாண்டினால் எங்கள் லயத்துக்கு ஒரு மணித்தியாலம்தான். கண்ணாடிக்கு வெளியே பாலைவன வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் அழுவதற்கு ஓர் ஒதுக்குப்புறம் இல்லை.

"எங்கய்யா இருக்க?" அம்மாவின் குரலில் மூச்சுதான் அதிகம் இருந்தது.

"கினிகத்தேனை தாண்டிட்டேம்மா. மழை. வான் மெதுவா வருது."

"மெதுவாவே வரட்டும் சாமி. வளைவுல வேகமா ஓட்ட வேணாம்னு சொல்லு. நா இருக்கேன்."

ஒரு மணித்தியாலத்தில் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். வான் வந்து சேர்ந்திருக்க வேண்டிய நேரம் அது. அவர் அழுதார். நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருவர் தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கினிகத்தேனையை உண்மையிலேயே தாண்டினேன். மழை இல்லை. பாதை வெறிச்சோடிக் கிடந்தது.

"எழவு வீடுன்னு சொன்னீங்க. கொஞ்சம் வெரசா போகவாங்க?" என்று கேட்டார் வான்காரர்.

"வேணாங்க. மெதுவாவே போங்க."

காரியம் முடிந்து டொரொன்டோவுக்குத் திரும்பி வந்துவிட்டேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். ஆனால் அம்மா பெற்ற பிள்ளை இங்கேயும் இல்லை, ஊரிலும் இல்லை. கினிகத்தேனைக்கும் கொட்டகலைக்கும் நடுவில், அம்மா சொன்னபடி மெதுவாக, இன்னும் வந்துகொண்டிருக்கிறான்.