பூச்சி கடிக்காத கறிவேப்பிலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இலங்கையில், எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தோம். எனக்கு மலையில் கொழுந்து பறிக்கிற வேலை. ஆனால் திருவிழா, கல்யாணம், கருமாதி எது வந்தாலும் பெரிய அண்டாவுக்கு முன்னால் நிற்பது நான்தான்.

யுத்த காலம், எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். தோட்டத்துக்குக் கீழே ரோட்டோரம் ஒரு இராணுவ முகாம் போட்டார்கள். பார்வையை மறைக்கிறது என்று சுற்றியிருந்த பற்றைகளை எல்லாம் வெட்டித் தள்ளினார்கள். காட்டு எலுமிச்சை, நாரத்தை, முள்ளுக்கொடி ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பற்றைக்குள் வேறு யார் ஒளிந்திருந்தார்களோ தெரியாது. வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன. கறுப்பு இறகு, பின் இறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. அவை கண்ட இலையில் முட்டை வைப்பதில்லை. காலால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். குஞ்சு தின்னக்கூடிய இலை என்று தெரிந்தால்தான் வாலை வளைத்து ஒரு முட்டை வைக்கும். எலுமிச்சையும் நாரத்தையும் போனபின் அவை எங்கே போகும்? லயத்துக்குப் பின்னால் நின்ற எங்கள் கறிவேப்பிலை மரங்களுக்கு வந்தன. அந்தப் புழுவுக்கு அதுவும் சோறுதான்.

சின்னதில் அந்தப் புழு காக்கை எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக்கிடக்கும். பெருத்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலையிலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். கொஞ்ச நாளிலேயே மரங்கள் வெறும் குச்சிகளாக நின்றன. வண்ணத்துப்பூச்சி அழகு, அழகு என்கிறவர்கள் அப்போது வந்து பார்த்திருக்க வேண்டும். நாங்கள் பூச்சியைத் திட்டினோம். வெட்டியவர்களைத் திட்ட எங்களுக்கு வாய் ஏது?

அந்த நிலையில்தான் மாரியம்மன் திருவிழா வந்தது. முந்தைய வருடம் நடத்த விடவில்லை. இந்த முறை பொழுது சாயுமுன் முடிக்க வேண்டும் என்று அனுமதி கிடைத்தது. லயம் லயமாக அரிசியும் பருப்பும் சேர்த்தோம். இரத்தோட்டைப் பக்கம் மிளகுத் தோட்டம் வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், நானா என்று கூப்பிடுவோம், எங்கள் அன்னதானத்துக்கு எப்போதும் பூசணிக்காயும் தேங்காயும் கொடுப்பார். அன்று காலையில் அவரே வேனில் கொண்டுவந்தார். கூடவே ஒரு சாக்கு நிறையக் கறிவேப்பிலை.

சாக்கைப் பிரித்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள். "அடியே, எலைய பாருடி, இஸ்திரி போட்டு வச்ச மாதிரி இருக்கு!" என்றாள் ஒருத்தி. எனக்கும் சந்தோஷந்தான். இரண்டு கை அள்ளித் தாளித்துப் பருப்பில் கொட்டினேன். வாசனை கோயில் வரைக்கும் போனது. பிள்ளைகள் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

தேங்காய்ச் சம்பலுக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று சாக்கின் அடியில் கையை விட்டேன். விரலில் ஏதோ விறைப்பாகத் தட்டுப்பட்டது. எடுத்தால் அந்தப் பச்சைப் புழு. கறுத்துச் சுருண்டு கிடந்தது. ஈர்க்கால் குத்தினேன், கொம்பு வரவில்லை. சாக்கை உதறினேன், இன்னும் நாலைந்து விழுந்தன. அப்போதுதான் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கடித்த தடம் இல்லை. எங்கள் மரத்தை மொட்டையடித்த பூச்சி அவர் மரத்தை மட்டும் ஏன் விட்டுவைக்கும்? வந்திருக்கிறது, முட்டை வைத்திருக்கிறது, பிறந்த புழு செத்திருக்கிறது. கடித்த கொத்துகளைக் கழித்துவிட்டு மற்றதைப் பறித்திருக்கிறார்கள். இந்த மரத்துக்குப் பூச்சி மருந்து அடித்திருக்கிறார்கள்.

"பருப்ப யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். கோயில் தலைவர் ஓடி வந்தார்.

"என்னம்மா ஆச்சு ஒனக்கு?"

"எலையில மருந்து இருக்கு. பருப்ப கொட்டணும்."

"நாலு புழு செத்ததுக்கு சோத்த கொட்டுவாங்களா? புழுவுக்குக் கருமாதி பண்ணவா வந்த?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் அகப்பையோடு அண்டாவின் முன்னால் போய் நின்றேன். தலைவர் குரலைத் தாழ்த்தினார். "காலம் கெட்டுக் கெடக்கு, தமிழன் முஸ்லிம்னு நாடே அடிச்சுக்குது. அந்த மனுஷன் குடுத்தத குப்பையில போட்டா நம்மள பத்தி என்ன நெனப்பாரு? கொஞ்சம் வாய மூடிக்க."

"சரி தலைவரே." ஒரு கொத்தை நீட்டினேன். "நீங்க மொதல்ல மெல்லுங்க. அப்புறம் புள்ளைகளுக்கு ஊத்துறேன்."

வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே கை நின்றுவிட்டது.

சத்தம் கேட்டு, கோயில் பக்கம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நானாவே வந்துவிட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. "நானா, இந்த மரத்துக்கு மருந்து அடிச்சீங்களா?"

சாக்கைப் பார்த்தார். ஒரு கொத்தை எடுத்துத் திருப்பினார். "அல்லாஹ்! இது வேலியோரத்து மரம். புழு தாங்க ஏலாம அடிச்சது. மேல் வளவுல பறிக்கச் சொன்னேனே!"

மழுப்புவார், சத்தம் போடுவார் என்று நினைத்திருந்தேன். முதலாளிமார் தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். "தலைவர், மத்தப் பக்கம் புடிங்க."

"ஓடையில ஊத்தாதீங்க!" என்று அப்போதும் நான் கத்தினேன். குழி வெட்டிக் கொட்டி மூடினார்கள். சாக்கையும் அதிலேயே போட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சோறு, பூசணிக்காய்க் கறி, தேங்காய்ச் சம்பல். பருப்பு இல்லாமல் ஒரு அன்னதானம் அன்றுதான் நடந்தது. நானாவும் பந்தியில் உட்கார்ந்தார். "தங்கச்சி, ஒங்கட சத்தம் மாத்தளை டவுனுக்கே கேட்டிருக்கும்" என்றார். "கேட்கட்டும், நல்லதுதான்" என்றேன்.

கொட்டகைக்குப் பின்னால் யாரோ போட்ட கறிவேப்பிலைக் காம்புகளைக் கிளறிய தலைவர் வீட்டுக் கோழி சாயந்திரம் செத்துக் கிடந்தது. அவர் மனைவி அதைச் சமைக்காமல் புதைத்தாள்.

பிறகு நானா தன் வேலியோரம் நாரத்தை நட்டார். பூச்சி அதற்குப் போகட்டும், கறிவேப்பிலை தப்பட்டும் என்று நான் சொன்ன யோசனை. பாதி அதற்குப் போனது, பாதி போகவில்லை. பூச்சி நம் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் மருந்துப் போத்தலை அவர் மறுபடி எடுக்கவில்லை.

அன்று பொழுது சாயுமுன் சனம் லயங்களுக்குத் திரும்பியதை அண்டாவைத் தேய்த்துக்கொண்டே பார்த்திருந்தேன். சாமியையும் பூசாரியையும் விட, அத்தனை பிள்ளைகளும் தங்கள் காலாலேயே மலையேறி வீட்டுக்குப் போனதுதான் எனக்கு இன்றைக்கும் அந்தத் திருவிழா.