லோடு ஏற்றினால் இழுக்காத லாரி

கணவருக்கு முதுகில் அடிபட்டு வீட்டோடு இருந்துவிட்ட பிறகு, எங்கள் லாரியை நானே ஓட்ட ஆரம்பித்தேன். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுப் பக்கத்து ஆலைக்கு நெல் மூட்டை ஏற்றிப் போவேன்.

போன அறுவடையின்போது வண்டி இழுக்க மறுத்தது. காலியாக ஓடினால் ஒரு குறையும் இல்லை. மூட்டையோடு மேம்பாலம் ஏறினால் இரண்டாம் கியரிலேயே முனகும். தாண்டிப் போகிறவர்கள், ஓட்டுவது பொம்பளை என்று பார்த்ததும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெக்கானிக் ஸ்கேனர் மாட்டினார். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் குறைவு என்று காட்டியது. அதை அளப்பது, எஞ்சினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டு என்ற குழாயில் செருகியிருக்கும் ஒரு சின்ன சென்சார். அது சொல்வதை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் டீசல் விடும். காற்று குறைந்தால் டீசலையும் குறைத்துவிடும்.

"சென்சார் தப்பா காட்டுதுக்கா. மாத்திட்டா சரியாப் பூடும்," என்றார்.

புதிது மாட்டினோம். மறுநாளும் அதே முனகல், ஸ்கேனரிலும் அதே குறைவு.

"அப்ப டர்போதான் போயிக்கீது. எறக்கணும். பத்து நாள் ஆவும்."

டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. அறுவடையில் பத்து நாள் வண்டியை நிறுத்த முடியுமா? "ரெண்டு சென்சாரும் ஒரே மாதிரி சொல்லுதே. அது சொல்றது நெஜமாவே இருந்தா? காத்து எங்கனா வெளிய போவுதோ இன்னாவோ," என்றேன்.

"ஹோஸெல்லாம் பாத்துட்டேன். நீ வூட்டுக்குப் போக்கா."

நான் போகவில்லை. எஞ்சின் ஆறியதும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தடவினேன். கண்ணில் மண் விழுந்தது. ஒன்றின் அடிப்பக்கத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு புழுதி அப்பியிருந்தது. துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வளைத்தேன். விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. லோடு இழுக்கும்போது, அழுத்தம் ஏறினால்தான் அந்த வாய் திறந்திருக்கிறது. மற்ற நேரம் மூடிக்கொண்டு நல்ல ஹோஸ் போலவே இருந்திருக்கிறது.

"இங்க வந்து பாரு!" என்று கத்தினேன்.

அவரும் ஊர்ந்து வந்து பார்த்தார். "மேலாக்கதான் பாத்தேன்க்கா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

புது ஹோஸ் போட்டு, முழு லோடு ஏற்றினேன். "நீயும் ஏறு," என்றேன். ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேம்பாலத்தில் வண்டி நாலாம் கியரிலேயே ஏறியது.

ஆலையில் மூட்டை இறங்கியதும் உத்திரமேரூர் திரும்பி, அன்றே இன்னொரு நடை அடித்தேன்.