சுண்டலும் மாமி வீட்டுக் கட்டிலும்

எட்டு வயதில், சேத்தியாத்தோப்பில், வெள்ளாற்றுத் தண்ணீரை மூன்று தூக்குகளில் பிடித்து வந்து, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் ஒன்றை அரிசி டிரம்முக்குப் பின்னாலும் வைத்து, எதில் முதலில் புழு வரும் என்று பன்னிரண்டு நாள் பார்த்தவள் மலர்க்கொடி. பதின்மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் அவள் அம்மா மூன்றையும் வாய்க்காலில் கொட்டினாள். விடை தெரியாமல் போயிற்றே என்று மலர்க்கொடி அன்று சாப்பிடவில்லை. பின்னாளில் கடலூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

சுனாமி வந்து பத்து நாளுக்குப் பிறகு, தேவனாம்பட்டினத்தில் நடந்த காய்ச்சல் முகாமுக்கு ரத்தம் எடுக்கப் போனாள். போகிற வழியில் கவிழ்ந்து கிடந்த ஒரு ஃபைபர் படகின் முதுகில் நாய்க்குட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. வேகவைத்த சுண்டலின் நிறம். பக்கத்தில் வலையிலிருந்து முள் பிரித்துக்கொண்டிருந்த அய்யனார் என்பவர் அவள் நிற்பதைப் பார்த்தார்.

"அது எறங்காதும்மா. பன்னு போட்டா மேலயே துன்னுது."

"யாரோடதுண்ணா?"

"யாரோடதோ. விசாரிக்கிற நெலமையிலயா இருக்கோம்."

சாயங்காலம் திரும்பும்போதும் அது அங்கேயே இருந்தது. படகின் மேல் ஏறி, கட்டைப் பையில் போட்டு, மஞ்சக்குப்பம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சுண்டல் என்று பெயர் வைத்தாள்.

அவள் கணவன் பழனிவேல் மோட்டார் காயில் கட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். குட்டி வந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குளித்துக் காய்ந்ததும் அது நேராகக் கட்டிலில் ஏறி, அவன் தலையணை ஓரமாகச் சுருண்டுகொண்டபோது எழுந்து உட்கார்ந்தான்.

"மலரு, வீட்டுல இருக்கட்டும். கட்டில்ல வேணாம்."

இறக்கிவிட்டான். ஏறியது. காலால் தள்ளினான். மறுபடி ஏறியது. ஒரு வாரத்தில் அவன் ஓய்ந்துபோனான், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. நாயைக் கட்டிலில் விடலாமா கூடாதா என்பது அவர்கள் வீட்டில் தினம் சாம்பார் கொதிக்கும்போது எழுந்து, சாப்பிட்டு முடித்ததும் அடங்குகிற பேச்சாயிற்று. மலர்க்கொடி தன் வழியில் அதை ஆராய்ந்தாள். சுண்டலின் முடியையும் காது அழுக்கையும் ஸ்லைடில் தடவி, வேலைக்கு நடுவே மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கால்நடை மருத்துவரிடம் கேட்டாள். "பூச்சி மருந்து குடுங்க, ஊசி போடுங்க, உண்ணி பாருங்க. யாருக்காச்சும் வீசிங் இருந்தா வேணாம். மத்தபடி அது உங்க வீட்டு விஷயம்," என்றார் அவர். பழனிவேலுக்கு வீசிங் இல்லை. தும்மல்கூட இல்லை. அவன் கட்டிலின் ஓரத்தில் ஒட்டிப் படுக்கப் பழகிக்கொண்டான்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. 2007-இல் பரிசோதனை நிலையம் சிதம்பரத்தில் கிளை திறந்து அவளை அங்கே அனுப்பியது. தெற்குச் சன்னதியை ஒட்டிய ஒரு சந்தில் வீடு கிடைத்தது. மாடியில் வீட்டுக்காரர்கள் சிவசுப்ரமணியனும் அவர் மனைவி சிவகாமுவும். கீழ் வீட்டில் அவர்களுடைய பழைய தேக்குக் கட்டில் ஒன்று வாசல் வழியே வெளியே போகாமல் அங்கேயே கிடந்தது. "நீங்களே உபயோகிச்சுக்கோங்கோ," என்று சொல்லியிருந்தார் மாமி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க இறங்கி வந்த சிவகாமு மாமி, அந்தக் கட்டிலில் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்த சுண்டலைப் பார்த்தார்.

"மலர், நாய் இருக்குன்னு சொன்னே. கட்டில்ல படுத்துக்கும்னு சொல்லலையே."

"நீங்க கேக்கல மாமி."

"கேக்கத் தோணுமா எனக்கு? எங்க மாமனார் படுத்துண்டிருந்த கட்டில்." மாமி குரலை உயர்த்தவில்லை. கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் தெரிந்தது. "ஏன், தரை இல்லையா அதுக்கு? கட்டில்லதான் படுப்பேன்னு என்ன பிடிவாதம்?"

மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது. விடலாமா கூடாதா என்று இத்தனை நாள் வாதாடியிருக்கிறாள். அது ஏன் ஏறுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"ஒரு மாசம் டயம் குடுங்க மாமி," என்றாள். "பாத்துச் சொல்றேன்."

முதல் வாரம் தரையில் இரண்டு போர்வையை மடித்துப் போட்டாள். சுண்டல் முகர்ந்துவிட்டுக் கட்டிலுக்குப் போனது. பழனிவேலின் துவைக்காத கைலியை அதன்மேல் போட்டாள். அப்போதும் போனது. இரண்டாம் வாரம் மெத்தையைத் தரையில் இறக்கி, அவர்கள் இருவரும் அதில் படுத்தார்கள். சுண்டல் சற்று நேரம் மெத்தையின் விளிம்பில் நின்று, பிறகு வெறும் கட்டிலில் தாவி ஏறி, பலகைமேல் முடங்கிக்கொண்டது.

காலையில் மாமி பூப்பறிக்கிற கூடையோடு வந்து நின்றார். "எங்க படுத்துது?"

"கட்டில்லதான் மாமி. மெத்தை இல்லாம, வெறும் கட்டையில."

"உங்களையெல்லாம் விட்டுட்டா?" மாமி கூடையைக் கீழே வைத்தார். "அப்ப மெத்தைக்காக இல்லை. உங்க சூட்டுக்காகவும் இல்லை." யோசித்தார். "நாளைக்குக் கட்டிலை நிமிர்த்தி வெச்சுப் பாரேன்."

கட்டிலைச் சுவரில் சாய்த்தார்கள். அன்று சுண்டல், பழனிவேல் செப்புக் கம்பிச் சுருள்கள் போட்டுவைத்திருந்த மரப்பெட்டிமேல் ஏறியது. திரும்பிப் படுக்கக்கூட அதில் இடமில்லை. பழனிவேல் பல் துலக்கிக்கொண்டே அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். எரிந்துபோன மோட்டாரை எங்கே கோளாறு என்று பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"மலரு, இத எங்கேர்ந்து தூக்கினு வந்த?"

"படகு மேலேர்ந்து."

"அதான். இது மெத்தைக்கு ஏறல. கடல் வந்த பயத்துல தரையிலதான் படுக்க மாட்டேங்குது."

படியில் நின்றிருந்த மாமியின் காதிலும் அது விழுந்தது. அவர் மேலே போய், சற்று நேரத்தில் ஒரு பழைய ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து மலர்க்கொடியின் கையில் கொடுத்தார்.

பழனிவேல் செங்கல் வாங்கிவந்து, இரண்டு பக்கமும் ஆறு அடுக்கு வைத்து, மேலே பலகை போட்டான். கட்டிலின் உயரம்தான். ஜமுக்காளத்தை விரித்தார்கள். மூன்றாம் நாள் சுண்டல் அதில் படுத்தது. கட்டிலை இறக்கி மெத்தை போட்டுப் பழனிவேல் நடுவில் படுத்துத் தூங்கினான்.

அதோடு விட்டிருக்கலாம். மலர்க்கொடிக்கு விட முடியவில்லை. எவ்வளவு உயரம் வேண்டும் அதற்கு? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரு பக்கமும் ஓர் அடுக்கை உருவினாள். ஐந்தில் படுத்தது. நான்கில் படுத்தது. மாமி மாடியிலிருந்தே, "இப்ப எத்தனை?" என்று கேட்பார். மூன்றில், மழைக்காலம் வந்ததால் நிறுத்திவைத்தாள். அடுத்த கோடையில் தொடர்ந்தாள். 2009 தீபாவளிக்கு முன்னால் பலகை வெறும் தரையில் கிடந்தது. சுண்டல் அதில் குறட்டை விட்டது.

"பயம் போயிடுத்து, பாத்தியா," என்றார் மாமி.

"அப்படித்தான்னு சொல்ல முடியாது மாமி. பலகைக்குப் பழகிப்போயிருக்கலாம். பலகைய எடுத்துட்டுப் பாத்தாதான் தெரியும்."

"எடேன்."

மலர்க்கொடி குனிந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள். சுண்டல் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். "அப்புறம் பாக்கலாம்," என்றாள். அந்த அப்புறம் வரவேயில்லை. பலகையும் சுண்டலும் அங்கேயே இருந்தன.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி தானே புயல் கரையைக் கடந்தது. விடிகாலையிலிருந்து காற்று சந்துக்குள் புகுந்து ஊளையிட்டது. ஜன்னல் கதவுகளைப் பழனிவேல் கயிறு போட்டுக் கட்டினான். எட்டு மணிவாக்கில் சாக்கடை அடைத்துக்கொண்டு சந்தில் தண்ணீர் ஏறியது. வாசல்படியைத் தாண்டி, கறுப்பாக, ஒரு கோடுபோல வீட்டுக்குள் வந்தது. சுண்டல் பலகையில் எழுந்து நின்றது. உடம்பு நடுங்கவில்லை. தண்ணீரைப் பார்த்தது, கட்டிலைப் பார்த்தது, மறுபடி தண்ணீரைப் பார்த்தது.

இதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்று மலர்க்கொடிக்குத் தெரியும். இன்னும் அரை நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். அது ஏறுகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஓடிப்போய் இரண்டு கையாலும் வாரித் தூக்கிக் கட்டிலில் போட்டாள். ஏழு வயது நாய், நல்ல கனம். பழனிவேல் தலையணையைத் தள்ளி இடம் விட்டான்.

படியில் பாதி இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார் சிவகாமு மாமி. அவர் பார்வை வெள்ளத்தின்மேல் ஓடி, கட்டிலுக்கு வந்து நின்றது.

"காலைத் தொடச்சு விட்டியோ?" என்றார்.

"தோ, தொடைக்கிறேன் மாமி."

"அதுவா ஏறித்தா, நீ ஏத்தினியா?"

"நான்தான்."

மாமி ஏமாற்றத்தோடு உச்சுக்கொட்டினார். "செத்தப் பொறுத்திருக்கப்படாதோ," என்று முணுமுணுத்துக்கொண்டே, ஸ்டவ் பற்றவைத்திருப்பதாகவும் மூன்று பேரும் மேலே வந்து காபி குடிக்கலாம் என்றும் சொல்லிவிட்டு ஏறிப்போனார்.