திருத்தக் கொடுத்த நோட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் சார் ஒருவர். மற்ற நாட்களில் கூரியர் ஆபீசில் கிளார்க். பேக்கரிக்காரர் ஒருவர். மாடி அறை அவருடையது, அதனால் அவருக்கு மட்டும் ஃபீஸ் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த அம்மா ஒருவர். கார்மெண்ட்ஸில் எனக்குப் பக்கத்து மிஷினில் உட்காரும் என் தோழி. அப்புறம் நான்.

இரண்டாயிரம் பிறக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. இடம் பெங்களூரில் ஈஜிபுரா. கீழே பன் வேகும் வாசனை மாடிக்கு வரும். நான் ஏழாவது வரை படித்தவள். தோழி பத்தாவது ஃபெயில். என்னைவிட மூன்று வயது சின்னவள். வகுப்புக்கு அவளைக் கூட்டிப்போனது நான்தான்.

சார் புத்தகம் வைத்துக்கொள்ள மாட்டார்.

"பூனை எலியைக் கொன்னுச்சு, எலி பூனையால கொல்லப்பட்டுச்சுன்னு எழுதி என்னா பண்ணப் போறீங்க? உங்க வேலையில நடந்தத எழுதுங்க. நிஜமா நடந்திருக்கணும்" என்பார்.

ஒரே விஷயத்தை மூன்று விதமாக எழுத வேண்டும். நான் செய்தேன். என்னால் செய்யப்பட்டது. என்னைச் செய்ய வைத்தார்கள். மூன்றாவதற்கு இங்கிலீஷில் மேக், கெட், ஹேவ் என்று மூன்று சொல் உண்டு. மேக் என்றால் கட்டாயப்படுத்திச் செய்ய வைப்பது. கெட் என்றால் பேசிச் சம்மதிக்க வைப்பது. ஹேவ் என்றால் சொன்னாலே போதும், வேலை நடந்துவிடும். அப்படித்தான் சார் எங்களுக்குச் சொன்னார்.

பேக்கரிக்காரர் எழுந்து படித்தார். "ஐ ஹேட் மை வைஃப் கட் தி ஆனியன்ஸ்." ஹேட் என்பது ஹேவின் இறந்தகாலம்; மனைவியிடம் சொல்லி வெங்காயம் நறுக்க வைத்தாராம்.

"ஹேவா? உங்க வீட்டம்மாகிட்டயா?" என்றார் ஆயாம்மா. "மேக்கும் வராது, ஹேவும் வராது. கெட் போடுங்க. கெஞ்சினாத்தான் அந்தம்மா கத்தியையே தொடும்."

ஆட்டோக்காரர், பயணி தன்னை மீட்டர் போட வைத்தார் என்று எழுதியிருந்தார்.

"நிஜமா நடந்ததத்தான் எழுதணும் அண்ணா" என்றாள் என் தோழி. சார் கூடச் சிரித்தார்.

வாக்கியங்களுக்கு நம்பர் போட வேண்டும். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் வைத்துச் சிவப்புப் பேனாவில் திருத்தித் திருப்பித் தர வேண்டும். அடுத்தவர் தப்பைப் பார்த்தால்தான் நம் தப்பு தெரியும் என்பது சாரின் கணக்கு. என் நோட்டு எப்போதும் அவளிடம் போகும். அவளுடையது என்னிடம் வரும்.

எங்கள் கம்பெனி ஓசூர் ரோட்டில் இருந்தது. நான் காலர் தைப்பேன். ஐந்தரைக்கு பெல் அடிக்கும். வரிசையில் போய் கார்டு அடிப்போம். அடித்துவிட்டு வாசலுக்குப் போவதில்லை. திரும்ப மிஷினுக்கு வந்து ஏழரை வரை தைப்போம். கார்டில் ஐந்தரைதான் இருக்கும். பாத்ரூம் போக லைனுக்கு ஒரே டோக்கன். டோக்கன் வரும்வரை அடக்கிக்கொண்டு தைப்போம். நடந்ததை எழுதச் சொன்னார் சார். எனக்கு நடந்தது இதுதான். எழுதினேன். எங்களைக் கார்டு அடிக்க வைத்தார்கள். எங்களைத் திரும்ப உட்கார வைத்தார்கள். எங்களைக் காத்திருக்க வைத்தார்கள்.

தோழிக்கு இந்த மூன்றாவது விதம் பிடிபடவில்லை. மூன்று நாள் சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடி சொல்லிக்கொடுத்தேன். அந்த வாரம்தான் சூப்பர்வைசர் அவளை லைன் கடைசியில் நிற்க வைத்தான். ரிஜெக்ட் ஆன காலர்களை நூலில் கோத்து அவள் கழுத்தில் மாட்டி, ஒரு மணி நேரம். எல்லோரும் பார்த்தோம். யாரும் தலை நிமிரவில்லை.

அன்று பஸ்ஸில் என் தோளில் இடித்தாள்.

"இதையும் எழுதுக்கா."

"உன் நோட்டுல நீயே எழுதேன்டி."

"எனக்கு எங்க வருது? நீ எழுது. பார்த்துக் கத்துக்கறேன்."

எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல அவளுக்கு நடந்ததெல்லாம் என் கையெழுத்தில் என் நோட்டில் ஏறியது. அவள் நோட்டில் இட்லிக்கு ஊறப்போட்டது, தம்பியைக் குழாயடிக்குப் போகவைத்தது, இவ்வளவுதான் இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் ஆபீஸ் மேடம் லைனுக்கு வந்தார். சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள், இங்கிலீஷில் பதில் சொல்ல ஒரு பெண் வேண்டும், அவளைத் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கர் ஆக்கிவிடுவோம் என்றார். செக்கருக்கு மணிக்கு இத்தனை என்ற டார்கெட் கிடையாது. எனக்கு வலது தோள் தூக்க முடியாமல் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மிஷினை விட்டால்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லைனில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எங்கள் லைனில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அதில் நான் கொஞ்சம் தேவலை.

"உனக்குத்தான்க்கா" என்றாள் தோழி. காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அதற்கு அடுத்து வந்தது. வழக்கம்போல நோட்டை மாற்றிக்கொண்டோம்.

திங்கட்கிழமை, மறந்துவிட்டேன் என்றாள். செவ்வாய்க்கிழமை, நாளைக்கு நிச்சயம் என்றாள். புதன்கிழமை என் பக்கம் திரும்பவே இல்லை. பதினொரு மணிக்குப் பியூன் வந்து என் மிஷின் மேல் தட்டினான்.

ஆபீசில் மேனேஜரும் மேடமும் இருந்தார்கள். மேஜை மேல் என் நோட்டு, விரித்தபடி. ஓரத்தில் அவள் போட்ட சிவப்பு டிக்குகள்.

"இது உன்னுதாம்மா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

மேடம் எட்டிப் பார்த்தார். "இங்கிலீஷ் சென்னாகிதே" என்றார். நன்றாக எழுதியிருக்கிறேனாம்.

"நீயா எழுதினியா? யாராவது எழுத வெச்சாங்களா? யூனியன் ஆளுங்க?"

"க்ளாஸ்ல எழுதினது சார்."

"கழுத்துல காலர் மாட்டினது உனக்கு நடந்ததில்லையே. யார் சொல்லி எழுதின?"

ஒரு பெயர் சொன்னால் போதும். அவள் வேலையும் அங்கேயே முடிந்திருக்கும்.

"நானே எழுதினேன்" என்றேன். பிறகு கேட்டேன். "இது உங்களுக்கு யார் குடுத்தாங்க சார்?"

"உன் ஃபிரண்டுதான். கம்பெனி மேல அக்கறை இருக்கிற பொண்ணு."

ஒரு தாளை நகர்த்தினார். டைப் அடித்து வைத்திருந்தார்கள்.

"கையெழுத்துப் போடு. போட்டா பாக்கிச் சம்பளம் இன்னிக்கே வரும். அதுல என்ன இருக்குன்னு உனக்கு வேண்டாம்."

படித்தேன். எழுத்துக்கூட்டி, மெதுவாக. அவர்கள் காத்திருந்தார்கள். சொந்தக் காரணத்துக்காக நான் வேலையை விடுகிறேன் என்று இருந்தது. நாலு வருஷம் அங்கே எல்லாம் என்னைச் செய்ய வைத்தார்கள். நானாகச் செய்தேன் என்று அவர்கள் எழுதியது இது ஒன்றைத்தான்.

கையெழுத்துப் போட்டேன். "நோட்டு வேணும் சார்" என்றேன்.

மேனேஜர் கம்பெனி சம்பந்தப்பட்ட பக்கங்களைக் கிழித்து டிராயரில் போட்டார். மிச்சத்தை என் பக்கம் தள்ளினார்.

டிபன் பாக்ஸை எடுக்க மிஷினுக்கு வந்தேன். தோழி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் என்னாக்கா பண்றது. கூப்பிட்டுக் கேட்டாங்க. குடுக்க வெச்சுட்டாங்க."

"மேக்கா, கெட்டா?" என்றேன்.

கட்டாயப்படுத்தினார்களா, பேசிச் சம்மதிக்க வைத்தார்களா என்று அர்த்தம். நான் சொல்லிக்கொடுத்தது, அதனால் அவளுக்குப் புரிந்தது. பெடலை மிதித்தாள். மிஷின் சத்தம் போட்டது. நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சனிக்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோனார்கள். லைனில் இருந்த ஒரு பெண் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னாள். ஐந்தரைக்கு மேல் உங்களை வேலை செய்ய வைக்கிறார்களா என்று தோழியிடம் கேட்டார்களாம். 'நோபடி மேக்ஸ் அஸ்' என்றாளாம். யாரும் எங்களைச் செய்ய வைப்பதில்லை. அவர்கள் கை கொடுத்தார்களாம். தப்பில்லாத வாக்கியம்தான்.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். ஐந்து பேர் இருந்தோம்.

"எங்கேம்மா உன் ஜோடி?" என்றார் ஆயாம்மா.

"ட்யூட்டி" என்றேன்.

நோட்டு மாற்ற ஆள் இல்லாததால் சார் என்னுடையதை வாங்கிக்கொண்டார். புரட்டினார். இருபத்தொன்றாம் வாக்கியத்துக்கு அடுத்து நாற்பத்தெட்டு இருந்தது.

"என்னம்மா இது?"

"தி பேஜஸ் வேர் டோர்ன் சார்." கிழிக்கப்பட்டன.

"யாரால?" என்றார், பழக்கத்தில்.

என் முகத்தைப் பார்த்தார். "பரவால்ல. யாராலன்னு சொல்லாமலும் எழுதலாம். அதுவும் சரிதான்" என்றார். நம்பரைக் கழித்துப் பார்த்து, "இருபத்தாறு வாக்கியம் போயிருக்குது. ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு சார்."

"அப்ப உட்கார்ந்து எழுதிடு."

பேக்கரிக்காரர் பேனா கொடுத்தார். அங்கேயே எழுதினேன். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவள் எழுதச் சொன்னது வரும்போதெல்லாம் தாண்டிப் போனேன். முடித்ததும் சார் எண்ணிப் பார்த்தார்.

பதினேழு.