ஜீப்பில் கிடந்த மணை

எண்பதுகளின் நடுவில், ஓய்வு பெற்ற கையோடு, காரைக்கால் ஊருக்குள் ஓட்ட ஒரு சின்ன ஜீப் வாங்கத் தீர்மானித்தேன். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் கார் படகாகிவிடும். ஜீப் என்றால் உயரம். வண்டிப் பதிவு அலுவலகத்திலேயே காலம் தள்ளியவனுக்கு வண்டி பார்க்க யார் சொல்லித் தர வேண்டும்?

திருமலைராயன்பட்டினத்தில் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தம் ஜீப்பை விற்பதாகக் கேள்விப்பட்டு மனைவியுடன் பேருந்தில் போனேன். எஞ்சின் எண், சேசிஸ் எண், வரி, காப்பீடு எல்லாம் பார்த்தேன். குறை எதுவும் அகப்படாதது எனக்குச் சற்று ஏமாற்றம்தான். வண்டிக்குள் பின்னால் ஒரு மரமணை கிடந்தது.

“இதுவும் விலையில சேர்த்தியா?” என்றேன்.

“எங்க வீட்டுக்காரி ஏறுறதுக்குப் போட்டதுங்க. முட்டி வலி. அப்புறம் மணை போட்டும் முடியல. வெளியில வர்றதையே விட்டுட்டா. போன மாசியிலதான் தவறிட்டா.”

பிறகு மணையை எடுத்துக் கீழே போட்டு, என் மனைவியிடம், “ஒரு தடவை ஏறிப் பாருங்கம்மா” என்றார்.

அவள் மணையில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்தாள். மறு கால் எழவில்லை.

“பரவாயில்லைங்க, பழகிடும்” என்றாள் என்னிடம்.

சொல்தா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “உங்களுக்கு விக்க மாட்டேங்க சார். தாழ்வா ஒரு கார் பாருங்க.”

திரும்பும்போது பேருந்தில் ஏறும் அவளுக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் வைத்து வைத்து ஏறினாள். எப்போதிலிருந்து இப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் தேங்கும் தண்ணீரின் ஆழம் மட்டும் அங்குலக் கணக்கில் தெரிந்திருந்தது.