கல்லறை மேல் நெத்திலி

சிதம்பரத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மாவை என் டாக்ஸியில் பரங்கிப்பேட்டைக்குக் கூட்டி வந்திருக்கிறேன். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் இங்கே புதைந்திருக்கிறாராம். மழை விட்ட வெயிலில் கடற்கரை தூக்கக் கலக்கத்தில் பார்ப்பது போல் வெளுத்துத் தெரிகிறது. பழைய கல்லறைகள் மேலெல்லாம் நெத்திலி காய்கிறது.

"நேத்து நனைஞ்ச மீனுண்ணே. இன்னிக்கிக் காயலன்னா நாறிப்போவும். எல்லாக் கல்லையும் வழிச்சுக் காட்டணுமா?" என்கிறாள் மீன்காரி.

அம்மா மணலில் பெயரை எழுதிக் காட்டுகிறார். மீன்காரி அதை உற்றுப் பார்க்கிறாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா தெனமும் மீன் பரப்புற கையி. இந்த எழுத்துல இருக்குற கொக்கி நாலாங்கல்லுலதான் கையில தட்டுப்படும்."

நேராகப் போய் அந்தக் கல்லை மட்டும் வழிக்கிறாள். அதே பெயர்.

அம்மா எழுத்தைத் தடவியபடி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். மீன்காரி மடி நிறைய மீனோடு நிற்கிறாள். அவசரப்படுத்தவில்லை, வெயிலை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொள்கிறாள்.