கட்டியகாரனும் பூக்காரியும்

மல்லாவியில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் என்றால் ராஜரத்தினம்தான். வயது ஐம்பது, சொந்த வயல், கலியாணம் மட்டும் ஆகவில்லை. லாண்ட்மாஸ்டர் மெசினில் உழுதுகொண்டே கூத்துக்குப் பாட்டுக் கட்டுவார். எஞ்சினை மீறிக் கத்திப் பாடுவதால், திருவிழாவுக்கு முன்பே பாட்டெல்லாம் ஊருக்கு மனப்பாடமாகிவிடும்.

இந்த வருசம் அவரே கற்பனையில் கட்டிய ஒரு ராசா கதை. அதில் ராசா வருவதை முன்னால் வந்து அறிவிக்கும் கட்டியகாரனும் ஒரு பூக்காரியும் உண்டு. கூத்தில் யார் மேடைக்கு வந்தாலும் தான் யாரென்று பாடித்தானே வரவேண்டும்? ராசாவின் வரவுப் பாட்டில் வயலும் வாய்க்காலும் வந்ததும், "அண்ணாவியார் தன்னைத்தான் ராசாவாக்கிப்போட்டார்" என்று சனம் கதைத்தது. அவர் மறுத்தார். வாய்க்குள் சிரித்துக்கொண்டே மறுத்தார்.

மேடையில் புலியான மனிதருக்கு ஒரேயொரு பயம். சந்தையடியில் தையல்கடை வைத்திருக்கும் ஜெகதீஸ்வரிதான் கூத்து உடுப்புகளைத் தைப்பவர். புருசனை இழந்து பல வருசம். அவரிடம் மனதைச் சொல்லி, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? பிறகு எந்த முகத்தோடு அந்தக் கடைக்குப் போவது?

கடைசி ஒத்திகையையும் பார்த்துவிட்டு வந்த ஜெகதீஸ்வரி, தன் கடையில் ராசாவின் உடுப்புக்குச் சரிகை வைத்தபடி, அதை எடுக்க வந்த ராஜரத்தினத்திடம் கேட்டார்.

"அண்ணாவியார், ராசா நீங்கள் இல்லை, என்ன?"

"சனம் அப்பிடித்தானே கதைக்குது."

"சனத்துக்கு என்ன தெரியும்? அந்தக் கட்டியகாரன்தான் நீங்கள். ராசா வாறார் எண்டு ஊரதிர முழங்கிறான். பூக்காரியைக் கண்டால் மட்டும் தொண்டையைச் செருமிப்போட்டு, 'இண்டைக்குச் சரியான வெயில்' எண்டுறான். நீங்கள் இஞ்சை வந்தாலும் அதைத்தானே சொல்லுறனீங்கள்."

ராஜரத்தினம் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்.

"அதுசரி, பூக்காரிக்கு ஏன் ஒரு பாட்டும் இல்லை? வாறாள், நிக்கிறாள், போறாள்."

"அவா என்ன சொல்லுவாவெண்டு எனக்குத் தெரியாதே. பிறகு எப்பிடிப் பாட்டுக் கட்டுறது?"

"கேட்டால்தானே தெரியும்."

அவர் தொண்டையைச் செருமினார். வெயில் என்று சொல்ல வாயெடுத்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாவம், வேறு வழியில்லை.

"ஜெகதீஸ்வரி, நாங்கள் கலியாணம் செய்வமோ?"

ஊசியை நூல்கட்டையில் குத்தி வைத்துவிட்டு அவர் சொன்னார். "ஓம்."

திருவிழாவில் பூக்காரிக்கும் பாட்டு வந்துவிட்டது. கட்டியகாரன் தட்டுத் தடுமாறி மனதைச் சொல்ல, பூக்காரி சம்மதமாக "ஓம்" என்ற ஒரே சொல்லை இழுத்துப் பாடினாள். கூத்து வழக்கப்படி அதைத் திருப்பிப் பாடவேண்டியது மேடையோரம் நின்ற அண்ணாவியார். சந்தோசத்தில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கூத்து நின்றுவிடப் போகிறதே என்று சனம் முழிக்க, சனத்தோடு பாயில் இருந்த ஜெகதீஸ்வரி எழுந்து நின்று அந்த "ஓம்"மைப் பாடி முடித்தார்.

அதற்குப் பிறகு அண்ணாவியார்தான் ராசா என்று ஊரில் ஒருவரும் கதைக்கவில்லை.